கங்காணியைக் கூப்பிட்ட குரல்

புள்ள,

வாசலில் கார் நிறுத்துகிற இடத்தில் நேற்றிலிருந்து ஒரு நீலக் குழாய் கிடக்கிறது. வளையம் வைத்துத் தைத்த, உள்பக்கம் ரப்பர் பூசிய துணிக் குழாய். இழுத்தால் பாம்பு மாதிரி நீள்கிறது, தள்ளினால் முறம் அளவுக்குச் சுருங்குகிறது. என் பேத்தி வாங்கி வந்தாள். அவளுடைய நாய்க்குட்டிக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வகுப்பு. கம்பைத் தாண்டுவது, குழாய்க்குள் நுழைந்து வெளியே வருவது, சாய்ந்த பலகையில் ஏறி இறங்குவது எல்லாம் பழக்குவார்களாம். வீட்டிலேயே கொஞ்சம் பழக்கிப் பார்க்கலாம் என்று விரித்துப் போட்டாள். வெயில் பட்டதும் அதிலிருந்து ரப்பர் வாடை எழும்பிக் கூடத்துக்குள் வந்தது. குட்டி அதன் வாயில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தது. நுழையவில்லை.

"பாட்டி, நீங்க அந்தப் பக்கம் நின்னு கூப்பிடுங்க லா. உங்க சத்தத்துக்குத்தான் இது வரும்."

தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. அந்த மாதிரி ஒரு இருட்டு வாய்க்கு முன்னால் குனிந்து, உள்ளே இருக்கிற நாயைக் கூப்பிட இனி என்னால் ஆகாது. ஏன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டுமானால் உன்னைச் சொல்ல வேண்டும். அதற்கு உனக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்ற கைதான். ஆனாலும் ரப்பர் பால் நிறுக்கிற இடத்தில் நின்றுகொண்டு, "எங்க நிரையில ஒரு படிச்சவ இருக்கா, தெரியுமா?" என்று நீ எல்லாரிடமும் சொல்லுவாய். நான் வேண்டாம் என்று கையை ஆட்டுவேன். உள்ளுக்குள் எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா? இப்போதும் அந்தப் பெருமை எனக்கு உண்டு. நான் படிக்க வைத்த பிள்ளைகள், அவர்கள் படிக்க வைத்த பிள்ளைகள் எல்லாரும் காரும் கம்பியூட்டருமாக இருக்கிறார்கள். பெரிய பேத்தி வக்கீல். நீ இருந்திருந்தால் அதையும் பால் நிறுக்கிற இடத்தில் போய்ச் சொல்லியிருப்பாய்.

கோல சிலாங்கூர் பக்கம் இருந்த நம் தோட்டத்தை இப்போது போய்ப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. ஆனால் எனக்குக் கண்ணை மூடினால் உன் நிரை மரங்களும் என் நிரை மரங்களும் பக்கத்துப் பக்கத்தில் அப்படியே நிற்கின்றன. விடிந்தும் விடியாத நேரம், நெற்றியில் கட்டிய விளக்கு, கையில் உளி. ஒரு நிரைக்குப் பால் வெட்டி முடித்ததும் கூப்பாடு போட வேண்டும். பக்கத்து நிரைக்காரி பதில் கொடுக்க வேண்டும். பாம்பு உண்டு, பன்றி உண்டு, யார் எங்கே விழுந்து கிடக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்? பதில் வராவிட்டால் உளியைப் போட்டுவிட்டு அவளைத் தேடி ஓட வேண்டும். எங்களை மேய்க்கிற மண்டோர் சொன்ன சட்டமில்லை அது. பால்வெட்டுக்காரிகளே நமக்குள் வைத்துக்கொண்டது.

ஒவ்வொருத்திக்கும் ஒரு கூப்பாடு. உன்னுடையது, "ஓ…ய், வாறியா…ஆ." கடைசி 'யா' வரும்போது குரல் சட்டென்று உடைந்து ஒரு படி மேலே ஏறும். அந்த ஏற்றம் வேறு யாருக்கும் வராது. "வாறேன்…" என்று நான் பதில் கொடுப்பேன். கல்யாணமாகி அந்த லயத்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தினமும் நாம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பால் கொட்டகைக்கு அடியில் பிறந்த செவலை நாய்க்குட்டி ஒன்று உன் பின்னாலேயே வரத் தொடங்கியது. அதற்குக் கங்காணி என்று பேர் வைத்தாய். மண்டோருக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"யாரச் சொல்ற?" என்றார்.

"நாயத்தான் சொன்னேன் மண்டோரே. ஒவ்வொரு மரமா நின்னு பாக்குது, ஒண்ணு விடாம ஒண்ணுக்கு அடிக்குது, வேல மட்டும் செய்யறதில்ல. வேற என்ன பேரு வைக்கிறது? உங்களுக்கு எதுக்குச் சுருக்குங்குது?"

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நின்ற அத்தனை பேரும் சிரித்தோம். அவரும் கடைசியில் சிரித்தார். அப்படி எல்லாரையும் கிள்ளிவிட்டுக் கிள்ளின இடத்தைத் தடவிக் கொடுக்கிற வாய் உனக்கு.

கங்காணி உன் கூப்பாட்டுக்கு மட்டும்தான் வரும். பேரைச் சொன்னால் காதைக்கூட ஆட்டாது. நான் விளையாட்டுக்கு உன் மாதிரி "ஓ…ய், வாறியா" என்பேன். பாய்ந்து வரும். கடைசி 'யா' எனக்கு ஏறாது, அதில் கண்டுபிடித்துவிடும். பாதி வழியில் நின்று, என்னைப் பார்த்துக் குரைக்கும். நீ மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். "என் தொண்டையத் திருடாத புள்ள. அது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு."

அந்த வருஷம்தான் லயத்துப் பிள்ளை ஒன்றை நாய் கடித்தது. எந்த நாய் என்று யாருக்கும் தெரியவில்லை. தோட்டத்தில் நாய் மிஞ்சிவிட்டது, ஆள் வைத்துச் சுடப் போகிறோம் என்று ஆபீசில் முடிவு செய்தார்கள். மேனேஜர் சம்சாரம் அதற்குக் குறுக்கே நின்றது. சீன மாது, இங்கிலாந்தில் படித்தது, நாய் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளப் திடலில் தான் வகுப்பு நடத்துவதாகவும், அங்கே வந்து, அவிழ்த்துவிட்டு, கூப்பிட்டால் திரும்பி வருகிற நாய்க்குச் சிவப்புக் கழுத்துப்பட்டை கொடுப்பதாகவும், பட்டை போட்ட நாயைச் சுடக்கூடாது என்றும் புருஷனிடம் பேசி வாங்கிவிட்டது. பெரட்டில் அதைச் சொன்னதும் முதலில் கை தூக்கியது நீதான்.

"நாய்க்கு வகுப்பாம், வகுப்பு!" என்றார் என் வீட்டுக்காரர். "நம்ம புள்ளைங்களுக்கே டியூசன் இல்ல."

"உங்க புள்ளைங்களுக்கு வால் இல்லண்ணே. இருந்திருந்தா மேடம் சேத்துக்கும்" என்றாய் நீ. அப்புறம் என் பக்கம் திரும்பி, "பாரு புள்ள, கங்காணி ஓடப் போற ஓட்டத்துல தொரை வீட்டு நாயெல்லாம் வெக்கப்படப் போவுது" என்றாய்.

நீ பார்க்கவில்லை. முந்தின இரவு காற்றும் மழையுமாக இருந்த ஒரு காலையில், முதல் நிரை முடித்து நீ கூப்பிட்டாய், நான் பதில் கொடுத்தேன். அடுத்த நிரை முடிந்தும் உன் கூப்பாடு வரவில்லை. நான் கூப்பிட்டேன். பதிலுக்குக் கங்காணிதான் வந்தது. குரைக்கவில்லை. என் கைலியைக் கவ்வி இழுத்தது. காய்ந்த கொப்பு ஒன்று முறிந்து விழுந்திருந்தது. அதற்கு மேல் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் ஓடி வந்தேன் என்பது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும். விழுந்து எழுந்து ஓடி வந்தேன்.

காரியம் முடிந்ததும் உன் வீட்டுக்காரர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கலும்பாங்கில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். சாமான் ஏற்றிய லோரிக்குப் பின்னால் கங்காணி முச்சந்தி வரைக்கும் ஓடிவிட்டு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. பூட்டிக் கிடந்த உன் வீட்டு வாசலில் படுத்தது. அந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்ததும் என் வாசலுக்கு வந்தது. சோறு வைத்தால் தின்னும். கூப்பிட்டால் வராது. விடியற்காலையில் உன் நிரைக்குப் போய் நின்றுகொள்ளும். உன் மரங்களைப் புதிதாக வெட்ட வந்தவளுக்கு அதைப் பார்த்தாலே நடுக்கம். நிரை முடிந்தால் அவள் கூப்பாடு போடுவதில்லை. எங்கள் பக்கமே சத்தம் அடங்கிவிட்டது.

கோடி வீட்டுப் பெரியம்மா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னது: "போனவ கூப்பாட்ட யாரும் எடுக்காதீங்கடி. எடுத்தா, தன்னத்தான் தேடறாங்கன்னு அவ வந்து நிப்பா." நான் தலையாட்டினேன். எனக்குப் பயமில்லை என்று உனக்கு முன்னால் பொய் சொல்ல முடியாது. உன் மேல் உயிரை வைத்திருந்தேன். ஆனாலும் பயந்தேன்.

வகுப்புக்கு முந்தின நாள் மண்டோர் வாசலில் வந்து நின்றார். "திங்கக்கிழம காலையில சுடறவங்க வர்றாங்க. நாளைக்குப் பட்ட வாங்கிட்டா சரி. இல்லன்னா கட்டிப் போட்டும் பிரயோசனமில்ல, சொல்லிட்டேன்." அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. போகும்போது கங்காணியின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

உன் பழைய சேலையில் ஒரு முழம் கிழித்துக் கயிறாகத் திரித்துக் கழுத்தில் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். திடலைப் பார்க்க வேண்டுமே நீ! பிஸ்கட் டின்கள் மேல் மூங்கில் கம்பு குறுக்கே வைத்திருந்தார்கள், தாண்டுவதற்கு. மரக்கிளையில் லோரி டயர் ஒன்று தொங்கியது. தச்சர் அடித்துக் கொடுத்த பலகைப் பாலம். நடுவில், பாலை உறைய வைக்க ஊற்றுகிற ஆசிட் வருமே, அந்த டிரம்களின் இரண்டு பக்கத்துத் தகரத்தையும் வெட்டி எடுத்து, வரிசையாகக் கிடத்தி ஒட்ட வைத்த குகை. ரப்பர் வாடையும் புளித்த ஆசிட் வாடையும் சேர்ந்து வெயிலில் வந்துகொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க லயமே வந்து வேலியோரம் நின்றது.

ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியின் சம்சாரம் கிராணி அம்மா, யாழ்ப்பாணத்து அம்மா, பஞ்சு மாதிரி ஒரு வெள்ளைக் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"உங்கட நாய் கடிக்குமே?"

"கடிக்காதும்மா. மூத்திரம்தான் பேயும்."

"ஐயோ, அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. என்ர பிள்ளைக்கு நாத்தம் ஒத்துவராது."

மேடம் மலாயில்தான் பேசும். நாயின் பேர் என்ன என்று கேட்டது. மண்டோர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் அந்தப் பேரை எப்படிச் சொல்ல? அவரே, "கங்காணி, மேடம்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். வேலியோரம் சிரிப்பு எழும்பியது. நீ போன பிறகு அத்தனை பேர் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒவ்வொரு நாயாக அவிழ்த்துவிட்டார்கள். ஒன்று கம்பைத் தாண்டாமல் டின்னைத் தள்ளிவிட்டது. ஒன்று டயரைக் கடித்துக்கொண்டு தொங்கியது. வெள்ளைக் குட்டி பாலத்தின் நடுவில் உட்கார்ந்து நடுங்க, கிராணி அம்மாவே அதைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். என்ன கூத்தடித்தாலும், கடைசியில் பேரைச் சொன்னதும் எல்லாம் திரும்பி வந்தன. ஒவ்வொரு கழுத்திலும் சிவப்புப் பட்டை ஏறியது. எங்கள் முறை வந்தது. சேலைக் கயிற்றை அவிழ்த்தேன். கங்காணி ஒரு தயக்கமும் இல்லாமல் நேராக டிரம்முக்குள் போனது.

போனது வெளியே வரவில்லை.

மேடம் அந்தப் பக்கம் குந்திக்கொண்டு கையைத் தட்டியது, மலாயில் கூப்பிட்டது, இங்கிலீஷில் கூப்பிட்டது. நான் இந்தப் பக்கம் குந்திக்கொண்டு பேரைச் சொன்னேன். தஞ்சோங் காராங் கருவாட்டை நீட்டினேன். உள்ளே இருட்டில் கண் இரண்டும் மின்னின. நடுவில் படுத்துவிட்டது. அடம் இல்லை அது. இவ்வளவு நாளாக ஒளிந்துகொள்ள ஒரு இடம் தேடிக்கொண்டிருந்து, கடைசியில் கிடைத்துவிட்ட மாதிரி தலையை முன்னங்காலில் வைத்துக் கிடந்தது.

மேடம் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டது. அதன் முகமே வாடிப் போயிருந்தது. "கூப்பிட்டால் வராத நாய்க்கு நான் எப்படிப் பட்டை கொடுப்பேன்? மற்றவர்கள் கேட்பார்களே" என்றது. கையில் இன்னும் ஒரு பட்டை மிச்சம் இருந்தது. என் வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "விடு, வா போலாம்" என்றார். மறுநாள் திங்கட்கிழமை.

நான் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "வேணாம்டி" என்று தலையை ஆட்டினாள்.

டிரம்முக்குள் தலையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "ஓ…ய், வாறியா…ஆ" என்றேன்.

புள்ள, அந்த டிரம்முக்கு என்ன இருந்ததோ தெரியாது. என் வாயிலிருந்து போனது என் குரல்தான். தகரத்தில் மோதித் திரும்பி என் காதுக்கு வந்தது நீ. எனக்கு ஒருநாளும் ஏறாத அந்தக் கடைசி 'யா', அன்றைக்கு உடைந்து, ஒரு படி ஏறி நின்றது. அந்தப் பக்க வாய் வழியாகத் திடல் முழுவதும் போனது.

கங்காணி அம்பு மாதிரி என் தோளை உரசிக்கொண்டு வெளியே வந்தது. என்னிடம் நிற்கவில்லை. கம்பைத் தாண்டியது, அடுத்த கம்பைத் தாண்டியது, பாலத்தில் ஏறி இறங்கியது, டயருக்குள் பாய்ந்தது. யாரும் வழிகாட்டவில்லை. எல்லாம் தாண்டி, திடல் முடிந்து ரப்பர்க் காடு தொடங்குகிற இடத்தில் போய் நின்றது. உள்ளே பார்த்துக்கொண்டு வாலை ஆட்டியது. ஆளைக் கண்டால் ஆட்டுகிற ஆட்டம்.

வேலியோரம் பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கிராணி அம்மா பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டார். என் வீட்டுக்காரரின் கையில் சுருட்டு தானாக எரிந்துகொண்டிருந்தது. மண்டோர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிவிட்டார். மேடம் ஒன்றுதான் கை தட்டியது. "பகுஸ்! பகுஸ்!" நல்லது, நல்லது என்று துள்ளித் துள்ளிக் கை தட்டியது. அது யாருடைய குரல் என்று தெரியாத ஒரே ஆள் அந்தத் திடலில் அதுதான்.

நாய் திரும்பி வந்தால்தானே பட்டை? இன்னொரு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. இப்போது டிரம் இல்லை. காட்டைப் பார்த்து நின்றுகொண்டு கூப்பிட்டேன். கடைசி 'யா' எனக்கு வழக்கம்போல ஏறவில்லை. கங்காணி என்னைத் திரும்பிப் பார்த்தது. மறுபடி காட்டைப் பார்த்தது. இரண்டு பக்கமும் ஆள் நின்று கூப்பிட்டால் நாய் எப்படித் தடுமாறும், அப்படித் தடுமாறியது. அந்த நேரத்தில் நான் மனசுக்குள் உன்னிடம் கெஞ்சினேன். விட்டுடு புள்ள, நாளைக்குச் சுட்டுருவாங்க, அனுப்பிரு என்றேன்.

அனுப்பினாய். மெதுவாக நடந்து வந்து என் காலடியில் உட்கார்ந்தது. மேடம் பட்டையைக் கட்டும்போதும் அது என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் சுட்டார்கள். நிரையில் நின்று கேட்டேன். ஒவ்வொரு வெடிக்கும் மரத்திலிருந்து பறவைகள் கிளம்பின. வீட்டுக்கு வந்தபோது கங்காணி கட்டிலுக்கு அடியில், பட்டையோடு, உயிரோடு கிடந்தது. அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டு அழுதேன். உன் சாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

அதற்கப்புறம் அது கிழடாகும் வரைக்கும் என்னோடுதான் இருந்தது. வகுப்புக்கும் விடாமல் போனோம், மேடம் மாற்றலாகிப் போகும் வரைக்கும். அதைக் கூப்பிட வேண்டுமானால் உன் கூப்பாட்டைத்தான் எடுக்க வேண்டும். சரியாக ஏறாது, இருந்தாலும் வரும். வந்து, என்னைத் தாண்டிப் போய், எனக்குப் பின்னால் ஒரு தடவை தேடிவிட்டு, அப்புறம்தான் திரும்பி வந்து உட்காரும். ஒரு தடவைகூட அந்தத் தேடலை அது விட்டதில்லை. முதலில் லயத்தில் முணுமுணுத்தார்கள். போகப் போக, உன் கூப்பாடு கேட்காத நாளில் பெரியம்மாவே, "என்னடி, இன்னிக்கு அவளக் காணோம்?" என்று கேட்கத் தொடங்கினாள்.

கங்காணி போன பிறகு நான் அந்தக் கூப்பாட்டை எடுத்ததில்லை. தோட்டத்தை விட்டு இந்தச் செரண்டா ஊருக்கு வந்தும் எவ்வளவோ காலமாகிவிட்டது. விடியற்காலையில் பேக்டரிக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போகும். இரண்டு மோட்டார் சத்தத்துக்கு நடுவில் சில நாள் நீ கூப்பிடுகிறாய். பிரமை என்று மருமகள் சொல்லுவாள், அதனால் அவளிடம் சொல்லவில்லை. என் மனசு இட்டுக்கட்டுவது என்றால் கடைசி 'யா' ஏறக்கூடாது. ஏறுகிறது.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். வாறேன் என்று சொன்னால் நான் வர வேண்டும். எனக்கு இன்னும் வேலை இருக்கிறது புள்ள, சின்னவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, வக்கீலுக்குச் சமையல் தெரியாது. ஒன்றும் சொல்லாமல் இருந்தால், எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நீ உளியைப் போட்டுவிட்டு ஓடி வருவாய். அதுவும் எனக்குத் தெரியும்.

அதனால் பதில் கொடுப்பதில்லை. எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைக்கிறேன். "கொசு வருது அத்தை, மூடுங்க" என்று மருமகள் உள்ளேயிருந்து சொல்லுவாள். கொஞ்ச நேரம் போகட்டும் என்பேன்.